நியூரம்பர்க்: இரண்டு மதிப்பெண் கேள்வியாக நான் நடத்திய ஊர்



மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து "படம் மட்டும் போடுறீங்க, ஒண்ணும் எழுதலையே டீச்சர்" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். அடுத்த வருடம் பிள்ளைகளைப் பார்க்க ஜெர்மனி போகவிருக்கும் மூன்று குடும்பத்தார் எங்கே போகலாம், நம் வாய்க்கு என்ன கிடைக்கும் என்று உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. நீளமானது. வேலை இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது எர்லாங்கன் என்ற ஊரில். அங்கிருந்து ரயிலில் அரை மணிக்குள் நியூரம்பர்க். மே மாதம் முழுவதும் அங்கே இருந்தோம். மற்றவர்கள் மியூனிக், பெர்லின் என்று ஓடுவார்கள். நான் நியூரம்பர்க்குக்கே ஐந்து முறை போனேன். காரணம் இருக்கிறது. நான் இடைநிலை ஆசிரியை. பகலில் எட்டாம் வகுப்பு வரைதான் பாடம். ஆனால் பல வருடம் மாலையில் எங்கள் தெருப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டாம் உலகப்போர் பாடம் முடியும்போது, நியூரம்பர்க் விசாரணை என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று எழுதிப் போடுவேன். "போர்க்குற்றவாளிகளான நாஜித் தலைவர்கள் விசாரித்துத் தண்டிக்கப்பட்டனர்." அவ்வளவுதான் விடை. இரண்டு மார்க்கு.

ஒரு வருடம், 1993 அல்லது 94, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், மேலே இருக்கிறவர் செய்னு சொன்னதைத்தானே அவங்க செஞ்சாங்க? செய்யலைன்னா அவங்களையே கொன்னுருப்பாங்களே. அப்புறம் எப்படிக் குற்றவாளி?" எனக்கு விடை தெரியவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்துவிட்டாள். நல்ல பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஊர்.

நியூரம்பர்க்கின் பெயர் முதன்முதலில் வரும் ஆவணம் 1050ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்றாம் ஹென்றி பேரரசர் கொடுத்தது. போர் வெற்றியோ கோயில் மானியமோ என்று நினைப்போம். இல்லை, சிகேனா என்ற ஓர் அடிமைப் பெண்ணை விடுதலை செய்த பத்திரம் அது. ஒரு ஊரின் பிறப்புச் சான்றிதழே ஒரு பெண்ணின் விடுதலைப் பத்திரமாக இருப்பதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

மேட்டின் மேல் பேரரசர் கோட்டை. செங்கல் நிறப் பாறை, செங்குத்தான ஏற்றம், கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள். முட்டிவலிக்காரர்கள் மெதுவாக ஏறுங்கள், உட்கார இடம் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்த ஆழ்கிணறு ஒன்று உண்டு, சுமார் 50 மீட்டர். வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு எண்ணச் சொல்கிறார். எண்ணிக்கொண்டே இருந்த பிறகுதான் சத்தம் வருகிறது. பேரன் மூன்று முறை ஊற்றச் சொன்னான்.

இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1356இல் நான்காம் சார்லஸ் வெளியிட்ட பொன் முத்திரைச் சாசனம்தான் காரணம். பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஏழு பேருக்கு உரிமை, புதிதாகத் தேர்வானவர் தன் முதல் பேரவையை நியூரம்பர்க்கில் கூட்ட வேண்டும் என்று அதில் விதி. கிரீடம், வாள் முதலிய அரச சின்னங்களும் 1424 முதல் 1796 வரை இங்கேதான் இருந்தன. ஹிட்லர் தன் கட்சி மாநாட்டுக்கு இந்த ஊரைப் பிடித்துக்கொண்டதற்கு இந்தப் பழைய மகிமையும் ஒரு காரணம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையிலிருந்து இறங்கினால் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் வீடு. 1509 முதல் 1528இல் இறக்கும்வரை இருந்த வீடு. மரச்சட்டம் போட்ட நாலு மாடி. டியூரர் என்றால் நமக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். அவருடைய காண்டாமிருகம் நம் நாட்டுக் காண்டாமிருகம்! குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குப் பரிசாகக் கொடுத்தது, கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. டியூரர் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. யாரோ அனுப்பிய கடிதத்தையும் கோட்டோவியத்தையும் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் இரும்புக் கவசம் போட்டது போல மரத்தில் செதுக்கி அச்சடித்தார். முதுகில் இல்லாத குட்டிக் கொம்பு ஒன்றும் வைத்தார். பிற்பாடு இருநூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்றால் அந்தப் படம்தான். பாவம், அந்த மிருகத்தை போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பியபோது கப்பல் மூழ்கிச் செத்துப்போனது.

ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இன்னொன்று பார்த்தேன். மார்ட்டின் பெஹாய்ம் என்ற இவ்வூர்க்காரர் 1492இல் செய்வித்த பூமி உருண்டை. இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய உலக உருண்டை அதுதான். கொலம்பஸ் திரும்பி வருவதற்கு முன் செய்தது, ஆகவே அமெரிக்கா இல்லை! கிழக்கே நம் பக்கத்து வாசனைத் தீவுகளைப் பற்றியும், மசாலாச் சரக்கு எத்தனை கை மாறி வருகிறது, அதனால்தான் இவ்வளவு விலை என்பது பற்றியும் உருண்டையின் மேலேயே நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வியாபாரிகள் ஊரல்லவா. 1505இல் போர்த்துகீசியக் கப்பல்கள் மலபாருக்கு மிளகு வாங்கக் கிளம்பியபோது, பணம் போட்டவர்களில் நியூரம்பர்க்கின் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் உண்டு. பணக்கார வியாபாரிகளை அந்தக் காலத்தில் "மிளகு மூட்டைகள்" என்று கிண்டல் செய்வார்களாம். இன்றும் ஜெர்மன் மொழியில் அந்த வசவு இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார்.

இங்கிருந்து சாப்பாட்டுக்கு வருவது சுலபம். இந்த ஊரின் புகழ்பெற்ற தேன் ரொட்டி, லெப்கூகன். லவங்கப்பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய் எல்லாம் அதில் உண்டு. கடையில் டப்பாவைத் திறந்ததும் எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி வாசனை! மசாலா நம் பக்கத்துச் சரக்கு, தேன் மட்டும் அவர்களுடையது. ஊரைச் சுற்றியுள்ள பேரரசக் காட்டில் தேனெடுப்போருக்குத் தனிச் சலுகைகள் இருந்தன. 1643இல் இந்த ரொட்டிக்காரர்களுக்குத் தனிச் சங்கமே ஏற்பட்டது. வாங்கும்போது "எலிசன்" வகை என்று கேட்டு வாங்குங்கள். அதில் நாலில் ஒரு பங்காவது பாதாம், வால்நட் மாதிரிப் பருப்பு இருக்க வேண்டும், மாவு நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடாது என்று விதி. கிறிஸ்துமஸ் பண்டம்தான், ஆனால் இவ்வூரில் சில கடைகளில் மே மாதத்திலும் கிடைக்கிறது. தகர டப்பாவில் வாங்கினால் ஊருக்குக் கொண்டுவர உடையாது. முட்டை சேர்ந்தது, சுத்த சைவர்கள் கவனிக்கவும்.

அடுத்தது ப்ராட்வுர்ஸ்ட். பன்றிக்கறியை மருகு மாதிரி ஒரு மூலிகை போட்டு அரைத்து, மெல்லிய குடலில் அடைத்து, மரக்கட்டை நெருப்பில் சுடுவது. நம் சுண்டுவிரல் தடிமன். நீளம் 7 முதல் 9 சென்டிமீட்டர், எடை 20 முதல் 25 கிராம், நியூரம்பர்க்கில் செய்ததாக இருந்தால்தான் அந்தப் பெயர் போடலாம் என்று ஐரோப்பிய யூனியன் 2003இல் சட்டப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்டால், ராத்திரி ஊரடங்கியபின் சாவித் துவாரம் வழியாக விற்பதற்காம்! (கதைதான். ஆனால் வழிகாட்டிகள் முகத்தை மாற்றாமல் சொல்கிறார்கள்.) ஆறு, எட்டு, பத்து என்று எண்ணிக்கை சொல்லி வாங்க வேண்டும். ஈயத்தட்டில் புளித்த முட்டைக்கோஸோடு வரும். தெருவில் ரொட்டிக்குள் மூன்று வைத்துத் தருவதற்கு "ட்ரை இம் வெக்லா" என்று பெயர்.

நான் மீன், கோழி, ஆட்டுக்கறியோடு நிற்கிறவள். வீட்டுக்காரரும் அப்படித்தான் என்று நாற்பது வருடமாக நினைத்திருந்தேன். செபால்டஸ் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கடையில் புகை வாசம் வந்ததும் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து ஆறு சாப்பிட்டுவிட்டு, "மத்தவங்க மனசு நோகக் கூடாதுல்ல" என்றார்.

எனக்கு அந்த மாதம் வாய்த்தது ஷ்பார்கல். வெள்ளைத் தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி இருக்கும், ஆனால் கிழங்கல்ல, மண்ணுக்குள்ளேயே வளர்க்கும் தண்டு. ஜூன் 24 வரைதான் பருவம். ஊருக்கு வடக்கே "பூண்டு நாடு" என்று ஒரு காய்கறிப் பூமி இருக்கிறது, அங்கிருந்து காலையில் வந்திறங்கும். உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வைத்துத் தருவார்கள். பன்றித் துண்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கில் பிடிக்கும் க்லோஸ் என்ற உருண்டையும் உண்டு, அது பார்க்க நம் கொழுக்கட்டை, ஆனால் மேலே ஊற்றும் குழம்பு கறிக்குழம்பு. விசாரித்துவிட்டு வாயில் வையுங்கள். வெறும் தண்ணீருக்கும் காசு. "கேஸ் இல்லாமல்" என்று சொல்லாவிட்டால் சோடா வரும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காது, திங்களன்று பல அருங்காட்சியகங்கள் இருக்காது.

இனி ஊரின் நடுச் சந்தைத் திடல், ஹவுப்ட்மார்க்ட். எல்லாரும் படம் எடுக்கும் இடம். 19 மீட்டர் உயர அழகுக் கிணறு, அதன் கம்பி வேலியில் சுற்றினால் நினைத்தது நடக்கும் என்று ஒரு வளையம். எதிரே ஃப்ராவன்கிர்ஷே, அதாவது மாதா கோயில். நண்பகல் 12 மணிக்கு அதன் கடிகாரத்தில் ஏழு பொம்மைகள் பேரரசர் பொம்மையைச் சுற்றி வணங்கிப் போகும். 1509இல் வைத்தது. நான் முன்பு சொன்ன பொன் முத்திரைச் சாசனத்தின் ஏழு பேர்தான் அவர்கள். கூட்டம் கைதட்டுகிறது. நானும் தட்டினேன்.

தட்டி முடித்த பிறகு மகள் சொன்னாள். "அம்மா, இந்த இடம் முழுக்க யூதர் தெருவா இருந்ததும்மா."

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து படித்தேன். 1349. கொள்ளைநோய்க் காலம், யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று எங்கும் வதந்தி. நவம்பரில் நகரத்தார் அரசரிடம் போய், யூதர் வீடுகளை இடித்துச் சந்தை அமைக்கவும், தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டவும் எழுத்தில் அனுமதி வாங்கினார்கள். டிசம்பர் 5இல் கொலை. 560க்கும் மேற்பட்டோர். முதலில் அனுமதி, பிறகு கொலை. கலவரத்தில் கைமீறிப் போனது என்று சொல்ல வழியில்லை, தேதி போட்ட கடிதம் இருக்கிறது. அனுமதி கொடுத்தவர் அதே நான்காம் சார்லஸ். நண்பகலில் ஏழு பொம்மைகள் சுற்றி வணங்குவது அவரைத்தான்.

மறுவாரம் போனபோதும் 12 மணிக்கு அங்கே நின்றேன். கைதட்டவில்லை. பேரன் ஏன் என்று கேட்டான். "அம்மாச்சிக்குக் கை வலிக்குதுடா" என்றேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் வேறென்ன சொல்ல? பிறகுதான் உறைத்தது, முப்பது வருடத்துக்கு முன் அந்தப் பெண்ணிடம் செய்ததையே இவனிடமும் செய்கிறேன் என்று. ரயிலில் திரும்பும்போது அவனுக்குப் புரியும் அளவில் சொன்னேன். "அப்ப ஏன் இன்னும் பொம்மை சுத்துது?" என்றான். நல்ல கேள்வி.

பழைய நகரம் என்று நாம் பார்த்து மகிழ்வதில் பெரும்பகுதி பழையதும் அல்ல. 1945 ஜனவரி 2 அன்று மாலை நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. சுமார் 1,800 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு வீடில்லை. கோட்டைக்குக் கீழ்ப்பட்ட ஊர் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. தெருக்களின் போக்கு மாறாமல், கூரைச் சரிவு மாறாமல் பொறுமையாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். லோரன்ஸ் தேவாலயத்தில் அந்தரத்தில் தொங்கும் ஃபைட் ஷ்டோஸின் மரச்சிற்பம் தப்பியதற்குக் காரணம், பாறைக்குள் குடைந்த பீர் நிலவறைகள். போர் தொடங்கியதும் ஊரின் கலைப்பொருட்களை அதில் ஒன்றில் பத்திரப்படுத்தினார்கள். அந்த அறையை இப்போது சுற்றிக் காட்டுகிறார்கள், அவசியம் போங்கள். சால்வை கொண்டுபோங்கள், உள்ளே குளிர்.

ஊருக்குத் தென்கிழக்கே மாநாட்டுத் திடல். 1933 முதல் 1938 வரை வருடந்தோறும் செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் வரிசை கட்டி நின்ற இடம். 1935 செப்டம்பர் 15இல் யூதரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை நிறைவேற்றியதும் அந்த மாநாட்டின்போது இவ்வூரில்தான். ஹிட்லர் நின்ற மேடை இன்னும் இருக்கிறது. படிக்கட்டில் பிள்ளைகள் சறுக்குப் பலகை விடுகிறார்கள், ஒருவர் சுவரில் டென்னிஸ் பந்து அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் 50,000 பேருக்கென்று தொடங்கி முடிக்காமல் நின்றுபோன மாநாட்டு மண்டபம், ரோமாபுரி அரங்கு மாதிரி. அதில் ஒரு மூலையில் 2001இல் ஆவண மையம் அமைத்தார்கள். கட்டடக் கலைஞர் குந்தர் டோமெனிக், அந்தக் கருங்கல் கட்டடத்தைக் குறுக்கே குத்திக் கிழித்துப் போகிற மாதிரி கண்ணாடியும் எஃகுமாக ஒரு நடைபாதை வைத்திருக்கிறார். கல் எங்கிருந்து வந்தது? ஃப்ளோசன்பூர்க் போன்ற வதைமுகாம்களில் கைதிகளைக் கொண்டு வெட்டிய கல்லும் இந்தத் திடலின் வேலைக்கென்றுதான். இது தெரியாமல் நடந்தால் அது ஒரு பெரிய பூங்கா, ஏரிக்கரை, அவ்வளவுதான்.

கடைசி நாள் நீதிமன்றம். யூ1 சுரங்க ரயிலில் பேரன்ஷான்ஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். (1835 டிசம்பரில் ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு ஓடிய தடத்தை ஒட்டித்தான் இந்த ரயில் போகிறது. ஓட்டியவர் இங்கிலாந்துக்காரர். மறுவருடம் ஏற்றிய முதல் சரக்கு இரண்டு பீப்பாய் பீர்!)

600ஆம் எண் அறை. நான் கற்பனை செய்ததைவிடச் சின்னது. கருத்த மரப் பலகை அடித்த சுவர்கள். கூண்டுக்குப் பின்னால் ஒரு கதவு, பக்கத்துச் சிறையிலிருந்து வந்தவர்கள் மின்தூக்கியில் ஏறி அதன் வழியாக வந்தார்கள். விசாரணைக்கு இந்த ஊரைத் தேர்ந்ததற்கு முதல் காரணம், குண்டுவீச்சுக்குத் தப்பிய பெரிய நீதிமன்றமும் அதை ஒட்டிய சிறையும் இங்கே இருந்ததுதான். 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை. நான்கு மொழியில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. காதில் மாட்டும் கருவி, வேகமாகப் பேசினால் மஞ்சள் விளக்கு, நிறுத்தச் சொல்லிச் சிவப்பு விளக்கு. பன்னிரண்டு பேருக்கு மரண தண்டனை, ஏழு பேருக்குச் சிறை, மூன்று பேர் விடுதலை. மூன்று பேர் விடுதலை என்பதை நான் ஒருநாளும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. தண்டனை பெற்றவர்களில் யூலியஸ் ஸ்ட்ரைஷர் இதே ஊரில் பத்திரிகை நடத்தி வெறுப்பை எழுதியவர். கையால் யாரையும் கொன்றதாக அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை, எழுதியதற்கும் பேசியதற்கும்தான் தூக்கு.

மேல்மாடிக் கண்காட்சியில் ஒலிவழிகாட்டியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தேன். விசாரணைக்கான சாசனம் பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன். அதன் எட்டாவது பிரிவு: மேலிடத்து உத்தரவின்படி செய்தேன் என்பது ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, நீதி கோரினால் தண்டனையைக் குறைக்க மட்டும் அதைக் கருத்தில் கொள்ளலாம். 1950இல் ஐ.நா.வின் சட்ட ஆணையம் இதை இன்னும் நுட்பமாக்கியது. மனசாட்சிப்படி வேறு வழியைத் தேர்ந்தெடுக்க உண்மையில் முடிந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. இதே கட்டடத்தில் 1947இல் நீதிபதிகள் மேலும் தனி வழக்கு நடந்தது. சட்டப்படிதானே தீர்ப்புச் சொன்னோம் என்றார்கள் அவர்கள். அதுவும் செல்லவில்லை.

அந்தப் பெண் கேட்டதையேதான் உலகத்தின் பெரிய வழக்கறிஞர்கள் பத்து மாதம் அந்த அறையில் வாதாடியிருக்கிறார்கள். "செய்யலைன்னா அவங்களையே கொன்னுருப்பாங்களே" என்ற பாதிக்கும் விடை தேடியிருக்கிறார்கள். நான் பரீட்சைக்கு வராது என்றேன்.

வெளியே வந்து நீதிமன்ற வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் பையிலிருந்து லெப்கூகன் எடுத்து நீட்டினார்.

பதிவு நீண்டுவிட்டது. கோட்டையும் டியூரர் வீடும் ஒரு நாள், அருங்காட்சியகமும் சந்தையும் ஒரு நாள், மாநாட்டுத் திடலும் நீதிமன்றமும் ஒரு நாள் என்று மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்னதை ஒரே நாளில் முடிக்க வேண்டாம் என்று நினைத்தால் நான்கு நாள். சந்தேகம் இருந்தால் கருத்துப் பெட்டியில் கேளுங்கள், மகளிடம் விசாரித்துச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். 1993, 94 வாக்கில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்புக்கு வந்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கேள்வி கேட்டது யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம். தொடர்பில் இருந்தால் இந்தப் பதிவை அவளுக்கு அனுப்பி, எட்டாவது பிரிவு என்று டீச்சர் சொல்லச் சொன்னார் என்று மட்டும் சொல்லுங்கள்.